காட்டிக்கொடுத்த வெள்ளை

2006ஆம் ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரில் ஓர் ஓவியம் ஏலத்துக்கு வந்தது. சிவப்பு மேலோங்கிய படம், குதிரைகள். ஹைன்ரிஷ் காம்பெண்டோங்க் 1914இல் வரைந்தது என்றார்கள். 28 லட்சத்து 80 ஆயிரம் யூரோவுக்குப் போனது. வாங்கியவர்களுக்குச் சந்தேகம் தட்டவே, வண்ணம் சோதனைக்குச் சென்றது. அதில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. ஓவியர்கள் கைக்கு அந்த வெள்ளை வந்து சேர்ந்ததே 1920களை ஒட்டித்தான்!

உண்மையில் அதை வரைந்தவர் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி. பழைய கான்வாஸ்களைத் தேடிப்பிடித்து வரையும் அளவுக்குக் கவனமானவர். அந்த ஒரு படத்துக்கு, கடையில் வாங்கிய துத்தநாக வெள்ளை டியூபைப் பிதுக்கியிருந்தார். அதில் டைட்டானியம் கலந்திருந்தது. டியூபின் மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2011இல் அவருக்கு ஆறு ஆண்டு சிறை.

ஈயம், துத்தநாகம், டைட்டானியம் மூன்றின் வெள்ளையும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி அவற்றைப் பிரித்துவிடும். ஓவியத்தில் ஒரு கீறல்கூட விழாது. எக்ஸ்ரே பட்டதும் அணுவின் உள்வட்டத்து எலக்ட்ரான் ஒன்று தெறித்து வெளியேறுகிறது. காலியான இடத்துக்கு வெளிவட்டத்திலிருந்து இன்னொன்று இறங்குகிறது. இறங்கும்போது மிஞ்சும் ஆற்றல் எக்ஸ்ரேயாக வெளிவருகிறது. அந்த ஆற்றலின் அளவு தனிமத்துக்குத் தனிமம் வேறு.

தனிமம் தெரிந்தால் மட்டும் போதாது. பிற்காலத்தில் பழுதுபார்த்தவர் தொட்டுவைத்த வெள்ளையாகவும் அது இருக்கலாமே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை வருகிறது. ஏற்கெனவே வெடித்திருக்கும் ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவுக்கு ஒரு துணுக்கை எடுத்து, பிசினில் பதித்து, பக்கவாட்டில் தேய்த்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். அடிப்பூச்சு, அதன்மேல் வண்ண அடுக்குகள், உச்சியில் மஞ்சள் பாய்ந்த வார்னிஷ் என்று படம் வரையப்பட்ட வரிசையே கண்முன் நிற்கும். புது நிறமி பழைய வார்னிஷுக்கு மேலே கிடந்தால் பழுதுபார்த்தவர் கைவேலை. அடிப்பூச்சிலேயே கலந்திருந்தால் படமே பிந்தியது. ஆனால் காலத்துக்குப் பொருந்தும் நிறமிகள் மட்டுமே கிடைத்தால் படம் அசல் என்று ஆகிவிடாது. பழைய நிறமிகளை இன்றும் விலைக்கு வாங்கலாம்.

போலி ஓவியங்கள் வரைந்த ஹான் வான் மீகரன் அப்படித்தான் வாங்கினார். டச்சு ஓவியர் வெர்மீர், லாபிஸ் லாசுலிக் கல்லை அரைத்தெடுத்த விலையுயர்ந்த நீலத்தைத் தாராளமாகப் பூசியவர். வான் மீகரனும் அதே கல்நீலத்தை நாடினார்; வண்ணம் இறுக பேக்கலைட் வகைப் பிசினைச் சேர்த்து அடுப்பில் சுட்டார். அவருடைய போலி வெர்மீர் ஒன்று நாஜித் தலைவர் கோரிங் கைக்கே போனது. நாட்டுச் சொத்தை எதிரிக்கு விற்றதாக 1945இல் கைதானபோது, வரைந்தது தானே என்று ஒப்புக்கொண்டார். பெல்ஜிய வேதியியலாளர் பால் கோர்மன்ஸின் குழு படங்களைச் சோதித்தது. கோரிங் வாங்கிய படத்தில் கோபால்ட் நீலமும் இருந்தது. அதை வேதியியலாளர் தெனார் பிரான்சில் உருவாக்கியது 1802இல். வெர்மீர் இறந்தது 1675இல்.