எத்தனை பேரில் எத்தனை பேர்?

1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரிட்டனில் ஓர் அவசர எச்சரிக்கை வெளியானது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளைச் சாப்பிடும் பெண்களுக்கு, காலிலோ நுரையீரலிலோ உள்ள இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து இரு மடங்காகிறது என்று மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. மருத்துவர்களுக்கும் மருந்தகங்களுக்கும் கடிதங்கள் பறந்தன. தொலைக்காட்சியும் நாளிதழ்களும் அந்தச் செய்தியை வீடுதோறும் கொண்டு சேர்த்தன.

பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அதனால் எதிர்பாராத கர்ப்பங்கள் கூடின. அடுத்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது.

அந்த "இரு மடங்கு" எங்கிருந்து வந்தது? பழைய வகை மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு இரத்த உறைவு ஏற்பட்டது. புதிய வகை சாப்பிட்ட 7,000 பெண்களில் இருவருக்கு ஏற்பட்டது. ஒன்று இரண்டானால் இரு மடங்குதான். கணக்கில் பிழை இல்லை. ஆனால், 7,000 பேரில் ஒருவர்தான் கூடுதல் என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பார்கள்? கர்ப்பத்தினால் வரும் இரத்த உறைவு ஆபத்து, அந்த மாத்திரையினால் வருவதைவிட அதிகம் என்பதுதான் இதில் மிகப் பெரிய வேதனை.

இரண்டு விதக் கணக்கு

ஓர் ஆபத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம். "இத்தனை மடங்கு", "இத்தனை விழுக்காடு கூடுகிறது" என்று ஒப்பிட்டுச் சொல்வது ஒன்று. "இத்தனை பேரில் இத்தனை பேர்" என்று தலைகளை எண்ணிச் சொல்வது இன்னொன்று.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மருந்து மாரடைப்பை 50 விழுக்காடு குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்டதும், மருந்து சாப்பிடுபவர்களில் பாதிப் பேர் காப்பாற்றப்படுவதாகத் தோன்றும். மருந்து இல்லாமல் 100 பேரில் 2 பேருக்கு வரக்கூடிய மாரடைப்பு, மருந்து சாப்பிட்டால் ஒருவருக்கு மட்டும் வருகிறது என்றாலும் அது 50 விழுக்காடுதான். 100 பேரில் 40 பேர் என்பது 20 ஆகக் குறைந்தாலும் அதே 50 விழுக்காடுதான். இரண்டும் ஒன்றாகுமா?

மருந்தின் பலனை முதல் விதத்திலும் பக்கவிளைவை இரண்டாவது விதத்திலும் சொல்வதுண்டு. அப்போது பலன் மலையாகவும் பக்கவிளைவு கடுகாகவும் தெரியும்.

மருத்துவர்களும் தடுமாறுகிறார்கள்

மருத்துவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி என்று நாம் நினைக்கிறோம். ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் 160 மகப்பேறு மருத்துவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரும் பெண்களில் 1 விழுக்காட்டினருக்கு நோய் இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினருக்கு மாமோகிராம் பரிசோதனை "இருக்கிறது" என்று சரியாகக் காட்டும். நோய் இல்லாதவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் "இருக்கிறது" என்று தவறாகக் காட்டும். ஒரு பெண்ணுக்கு "இருக்கிறது" என்று முடிவு வந்துவிட்டது. அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு?

பக்கத்தில் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 1,000 பெண்கள் என்று வைத்துக்கொண்டால், 10 பேருக்கு நோய் இருக்கிறது. அவர்களில் 9 பேருக்குப் பரிசோதனை சரியாகக் காட்டும். மீதி 990 பேருக்கு நோய் இல்லை. ஆனால் அவர்களில் ஏறக்குறைய 89 பேருக்கு "இருக்கிறது" என்று வரும். மொத்தம் 98 பேர் பயந்துகொண்டு வீடு திரும்புவார்கள். அவர்களில் உண்மையாக நோய் உள்ளவர்கள் 9 பேர் மட்டுமே. அதாவது, ஏறத்தாழ பத்தில் ஒருவர்.

சரியான விடையைத் தேர்ந்தெடுத்த மருத்துவர்கள் 21 விழுக்காட்டினர் மட்டும். பெரும்பாலோர் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு நோய் இருக்கும் என்றார்கள். பிறகு, விழுக்காட்டை விட்டுவிட்டு, நாம் மேலே போட்டதுபோல் தலைகளை எண்ணிப் பார்க்க அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். சரியாகச் சொன்னவர்களின் எண்ணிக்கை 87 விழுக்காடாக உயர்ந்தது. அவர்களைத் தடுமாற வைத்தது, எண்கள் தரப்பட்ட விதம்.

சொற்களும் இப்படித்தான். 1982இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா கதிர்வீச்சா என்று மருத்துவர்களிடம் கேட்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் மாதத்தில் 90 விழுக்காட்டினர் பிழைக்கிறார்கள் என்று படித்தவர்களில் 84 விழுக்காட்டினர் அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார்கள். 10 விழுக்காட்டினர் இறக்கிறார்கள் என்று படித்தவர்களில் பாதிப் பேர் கதிர்வீச்சின் பக்கம் போய்விட்டார்கள். 90 பேர் பிழைப்பதும் 10 பேர் இறப்பதும் ஒரே செய்திதானே!

எண் சிறியது, கண் பெரியது

எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதுமா? போதாது. ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்ணுக்குச் சிறுவயதில் நடந்த விபத்தில் வலது கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. பின்னாளில் அந்தக் கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள முன்வந்தார். நல்ல கண்ணுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று மருத்துவரிடம் திரும்பத் திரும்பக் கவலையைத் தெரிவித்தார். அந்தச் சிகிச்சையால் மறு கண்ணும் பாதிக்கப்படும் ஆபத்து 14,000இல் ஒன்று. மருத்துவர் அதைச் சொல்லவில்லை. அந்த ஒன்று அவருக்கே நேர்ந்தது. நல்ல கண்ணின் பார்வையும் போய்விட்டது.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எதைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கம் மட்டும் தீர்மானிக்க முடியாது. அந்த நோயாளிக்கு எது முக்கியமோ அதைச் சொல்லியாக வேண்டும் என்றது நீதிமன்றம். நம் நாட்டின் கூட்டரசு நீதிமன்றமும் 2006இல் இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டது. ஆகவே, கேட்டுத் தெரிந்துகொள்வது நமக்கு உள்ள உரிமை.

நடுவில் இருப்பவர் நீங்கள்

இது உங்களுக்கு எதற்கு என்று நினைக்கலாம். பாட்டியையோ தாத்தாவையோ கிளினிக்குக்கு அழைத்துப் போகும்போது, மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வது பல வீடுகளில் பேரப்பிள்ளைகள்தான். "சிறிய ரிஸ்க் இருக்கிறது" என்று மருத்துவர் சொல்வது, "ஆபத்தாம் பாட்டி" என்று பாட்டியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? தேவையான சிகிச்சைக்கு அவர் மாட்டேன் என்றுவிடுவார். "ஒன்றும் ஆகாதாம்" என்று சொல்லிவிட்டாலும் தவறுதான். முடிவு செய்ய வேண்டியவரிடம் செய்தி போய்ச் சேரவில்லை.

எனவே, இனிப்புநீர் மருந்தோ இருதய அறுவை சிகிச்சையோ, எதுவானாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். "இவரைப் போன்ற 100 பேரில் எத்தனை பேருக்கு இது வரும்?" "சிகிச்சை செய்யாமல் விட்டால் அந்த 100 பேரில் எத்தனை பேருக்கு என்ன ஆகும்?" "எத்தனை காலத்திற்குள்?" மூன்றாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். 100 பேரில் 5 பேர் என்பது ஒரு மாதத்திலா பத்து ஆண்டுகளிலா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

பதில் கிடைத்ததும் பாட்டிக்குப் புரியும்படி சொல்லுங்கள். "நம் கோயில் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் 100 பேரை நிறுத்தினால், அதில் 3 பேருக்கு இப்படி ஆகலாமாம், 97 பேருக்கு ஆகாதாம்" என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். பிறகு, "உங்களுக்கு எது பயமாக இருக்கிறது?" என்று அவரைக் கேட்டு, அந்தப் பதிலை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஆஸ்திரேலியப் பெண்ணின் கவலைக்குப் பதில் சொல்லப்படாமலே போய்விட்டது.

எண்களை வெளிப்படையாக வைத்தால் மக்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் தேவையில்லை. 2021இல் அஸ்ட்ராஸெனகா தடுப்பூசியால் அரிதாக இரத்த உறைவு வரும் என்ற செய்தி நம் நாட்டிலும் பரவியது. அரசாங்கம் அபாயத்தையும் பலனையும் விளக்கிவிட்டு, விரும்பியவர்கள் தாங்களே பதிந்துகொள்ளலாம் என்று சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மே 2ஆம் தேதி பதிவைத் திறந்துவிட்டது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் சில மணி நேரத்தில் நிரம்பின.

நிகழ்தகவுப் பாடத்தில் பகடையும் நாணயமும் உருட்டியது தேர்வோடு முடிந்துவிடும் கணக்கு இல்லை. அடுத்த முறை "இரு மடங்கு" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால், அதைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேரில் எத்தனை பேர்?