உங்களுக்குத் தெரியுமா? புற்றணுவை ஊமையாக்கும் ஆர்.என்.ஏ.

பெட்டூனியாப் பூவின் ஊதாவை இன்னும் அடர்த்தியாக்கலாம் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் நிற மரபணுவைக் கூடுதலாகச் செருகினார்கள். பூத்ததோ வெள்ளைப் பூ! 1990-இல் வெளியான இந்தப் புதிருக்கு 1998-இல் விடை கிடைத்தது. ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு மில்லிமீட்டர் புழுவுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்த, அதற்கு இணையான மரபணு வாயடைத்துப்போனது. 2006-இல் இருவருக்கும் நோபல்.

சுமார் 21 எழுத்து நீள ஆர்.என்.ஏ. துண்டு, செல்லிலுள்ள புரதக் கூட்டமைப்பு ஒன்றோடு சேர்ந்து, மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.க்களில் தனக்குப் பொருந்துவதைத் தேடிப்பிடித்து வெட்டுகிறது. டி.என்.ஏ.வுக்கு ஒன்றும் ஆகாது. புரதம் மட்டும் உருவாகாது. புற்றணு பெருக அவசியமான புரதத்தையே குறிவைத்தால்?

கொண்டுசேர்ப்பதுதான் பெரும்பாடு. ரத்தத்தில் வெறுமனே விட்டால் நொதிகள் சிதைத்துவிடும், சிறுநீரகம் வெளியேற்றிவிடும். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் (கால்டெக்) மார்க் டேவிஸ் குழு, துண்டுகளைச் சுமார் 70 நானோமீட்டர் துகளில் பொதிந்து, மேலே இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தைப் பதித்தது. இரும்புக்கு அலையும் புற்றணு, டிரான்ஸ்ஃபெரினை ஆவலோடு உள்ளே இழுக்கும். கூடவே எதிரியும் நுழைந்துவிடும். நல்ல தந்திரம்தான்! டி.என்.ஏ.வுக்கு மூலப்பொருள் தயாரிக்க உதவும் ஆர்.ஆர்.எம்.2 புரதத்தின் தூது ஆர்.என்.ஏ., மெலனோமா என்னும் தோல் புற்றுநோயாளியின் கட்டியில் வெட்டுப்பட்டிருந்ததை 2010-இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார்கள். ரத்தத்தில் ஏற்றிய ஆர்.என்.ஏ. துண்டு மனித உடலில் இப்படி வெட்டியதற்கு அதுவே முதல் சான்று.

ஆனால் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இவ்வகை முதல் மருந்தான பாட்டிசிரான், புற்றுக்கானதல்ல. கல்லீரலில் உருவாகும் பழுதான புரதத்துக்கானது. ரத்தத்தில் ஏற்றும் துகள்களில் பெரும்பங்கைக் கல்லீரலே பிடித்துக்கொள்கிறதே!