‘வாழை’ திரைப்படத்தில் சிறார் அச்சமும் நாயகரும்

மாரி செல்வராஜ் இயக்கத்தில் 2024 ஆகஸ்டில் வெளிவந்த ‘வாழை’, தூத்துக்குடி மாவட்டச் சிற்றூர் ஒன்றில் வாழைத்தார் சுமக்கும் சிறுவர்களின் வாழ்வைச் சித்திரிக்கிறது. இயக்குநரின் இளமைக்கால அனுபவங்களை அடிப்படையாகக் கொண்ட இப்படத்தில் நாயகர் என்னும் கருத்து இரு நிலைகளில் அமைகிறது.

முதல் நிலையினர் திரை நாயகர். சிவனணைந்தான் ரஜினியையும் அவன் தோழன் சேகர் கமலையும் போற்றி ஓயாது வாதிடுகின்றனர். இவ்வாதம் பள்ளி நாள்களுக்குரிய விளையாட்டு. விடுமுறை நாள்களில் தார் சுமக்க அஞ்சும் சிறுவனுக்கு அந்நாயகரால் பயனில்லை. அவன் அஞ்சுவது வறுமை சுமத்திய உழைப்பை. திரையில் வீழ்த்தப்படும் வில்லனைப் போன்ற எதிரி இங்கு இல்லை.

இரண்டாம் நிலையில் கனி நிற்கிறான். தொழிலாளரை ஒன்றிணைத்துக் கூலி உயர்வைப் பெற்றுத்தரும் அவனே சிறுவன் நேரில் கண்ட நாயகன். ஆயின், உயர்த்திய கூலியை ஈடுகட்ட எண்ணும் வணிகர் தரப்பு, தனி வாகனத்தைத் தவிர்த்துத் தார் ஏற்றிய லாரியின் மேலேயே தொழிலாளரை அனுப்புகிறது. லாரி கவிழ்ந்து பலர் இறக்கின்றனர். உரிமைப் போராட்டத்தின் வெற்றியே உயிரிழப்புக்கு வழியாக்கப்படுகிறது.

அன்று நடனப் பயிற்சிக்காகப் பள்ளிக்குச் சென்ற சிவனணைந்தான் உயிர் பிழைக்கிறான். வளர்ச்சிக் கதைகள் பலவற்றில் சிறுவன் அச்சத்தை வென்று நாயகனாகிறான். ‘வாழை’யிலோ அச்சம் வெல்லப்படுவதில்லை, தப்பியவனின் துயரமாக உருமாறுகிறது. நாயகனை இழந்து நினைவைச் சுமப்பதே இங்கு வளர்தல் எனப் பொருள்படுகிறது.