மன்னன் ஆன கதை

ஈரானில் குர்து மக்கள் வாழும் கெர்மன்ஷா பகுதியில் பெஹிஸ்தூன் மலை இருக்கிறது. பாரசீகப் பேரரசர் தாரியஸ் அரியணை ஏறிய வரலாற்றை 2,500 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே சிற்பமாகவும் மும்மொழிக் கல்வெட்டாகவும் செதுக்கினார்கள். ஆப்பெழுத்தைப் படிக்க வழிதிறந்தது அதுதான்.

அத்தகைய அரிய சான்று நம் பெரிய காஞ்சிபுரத்திலும் உண்டு, நேயர்களே! 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எழுப்பிய வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சுவர்களில் பல்லவர் வரலாறே வரிசையாக நிற்கிறது. வாரிசின்றி நாடு தவித்தது. பல்லவர் கிளை மரபைச் சேர்ந்த இரணியவர்மனிடம் தூது போனார்கள். அவருடைய மூத்த பிள்ளைகள் மறுத்தார்கள். 12 வயது இளையவன் முன்வந்தான். அவனே நந்திவர்மன். இந்தக் காட்சிகளுக்குக் கல்வெட்டு விளக்கமும் உண்டு. இவற்றை ஆராய்ந்து நூலாக்கியவர் அறிஞர் சி. மீனாட்சி.

மணற்கல் சிற்பங்கள் தேய்ந்து வருகின்றன. பெருமாளைச் சேவிக்கப் போகும்போது திருச்சுற்றையும் நிதானமாகப் பாருங்கள், கைவைத்துவிடாதீர்கள்.