திருமலைத் தோட்ட மண்டபங்களுக்குக் காவல் யார்?

புது தில்லி: ஆண்டுதோறும் மாட்டுப் பொங்கலன்று திருமலையில் மலையப்ப சுவாமி கோயிலை விட்டு வனப்பகுதிக்கு எழுந்தருள்கிறார். பாபவிநாசம் செல்லும் சாலையில் உள்ள பார்வேட்டை மண்டபத்தில் அன்று சுவாமி வேட்டையாடும் உற்சவம் நடைபெறும். கார்த்திகை வனபோஜனமும் அங்கு நடத்தப்பட்டதுண்டு. அந்தப் பழைய மண்டபம் 2023-ம் ஆண்டில் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் புதிய மண்டபம் எழுப்பப்பட்டது.

சிதிலமடைந்ததால் புதுப்பித்ததாகத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் விளக்கம் அளித்தது. தொல்லியல் துறையைக் கலந்து ஆலோசிக்காமல் பழமையை அழித்துவிட்டதாக ஆந்திர பாஜகவினர் குற்றம்சாட்டினர். கோயிலுக்கு எதிரே இருந்த ஆயிரங்கால் மண்டபம் 2003-ல் அகற்றப்பட்டபோதும் இதேபோன்ற சர்ச்சை எழுந்தது.

தோட்ட மரபு: கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ள திருமலையில், தோட்டமும் மண்டபமும் வெறும் அலங்காரமல்ல, வழிபாட்டின் அங்கம். ராமானுஜரின் கட்டளையை ஏற்றுத் திருவரங்கத்திலிருந்து வந்த அனந்தாழ்வான், பெருமாளின் புஷ்ப கைங்கரியத்துக்காக இங்கு நந்தவனம் அமைத்தார் என்பது வைணவ மரபு. பிரம்மோற்சவம் நிறைவுற்ற மறுநாள், சுவாமி இன்றும் அந்தத் தோட்டத்துக்கு எழுந்தருள்கிறார்.

சந்திரகிரியின் நிலை: மலைக்குக் கீழே, திருப்பதியை அடுத்த சந்திரகிரியில் நிலைமை வேறு. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. விஜயநகர அரசர்களின் தலைநகராகவும் இருந்த இங்கு, மரம் பயன்படுத்தாமல் கல், செங்கல், சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்ட ராஜ மஹால், உச்சியில் கோபுரங்களுடன் நிற்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் அதில் இயங்குகிறது. மத்திய பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும். திருமலையின் மண்டபங்களுக்கு இந்த அரண் இல்லை.

பின்வாங்கிய மத்திய அரசு: 2018 மே மாதத்தில், திருமலைக் கோயில்களைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவிப்பது தொடர்பாக விவரம் கேட்டுத் தொல்லியல் துறை தேவஸ்தானத்துக்குக் கடிதம் எழுதியது. கோயிலை மத்திய அரசு கைப்பற்றப் பார்க்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பவே, கடிதம் உடனடியாகத் திரும்பப் பெறப்பட்டது. தேசிய ஜனநாயகக் கூட்டணியை விட்டுத் தெலுங்கு தேசம் வெளியேறி இரண்டு மாதங்களே ஆகியிருந்த நேரம் அது.

ஆனால், 1958-ம் ஆண்டுச் சட்டம் வழிபாட்டைத் தடுப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட வழிபாட்டுத் தலத்தை அதன் தன்மைக்கு முரணான காரியங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் 16-வது பிரிவு கூறுகிறது. தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள தஞ்சைப் பெரிய கோயிலில் நித்திய பூஜைகள் தடையின்றி நடைபெறுவதே இதற்குச் சான்று.

அதேசமயம், மத்திய பாதுகாப்பு மட்டுமே தீர்வாகிவிடாது. 3,693 சின்னங்களில் 248 இடங்களில் மட்டுமே காவலர்கள் உள்ளனர் என்றும், 50 சின்னங்களைக் காணவில்லை என்றும் நாடாளுமன்ற நிலைக்குழுவின் 2022-ம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது.

மத்திய அறிவிக்கைக்குத் தேவஸ்தானம் இணங்காவிட்டாலும், மலையிலுள்ள மண்டபங்களைப் பட்டியலிட்டு, படமும் அளவும் பதிவு செய்து, வல்லுநர் ஒப்புதலின்றி எதையும் இடிப்பதில்லை என்று விதி வகுக்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தேவஸ்தான அறங்காவலர் குழுவை நியமிப்பது மாநில அரசு. 2023-ல் குற்றம்சாட்டிய பாஜகவுக்கு 2024 ஜூனில் அமைந்த சந்திரபாபு நாயுடு அமைச்சரவையில் இடம் கிடைத்தது. எதிர்க்கட்சியாக எழுப்பிய கேள்விக்கு, ஆட்சியில் பங்கேற்ற பின் பதில் சொல்லும் பொறுப்பு அக்கட்சிக்கும் உண்டு.