கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகும் முன்... ஒரு நிமிஷம்!

பழைய கார்களுக்கு இப்போது தனி மவுசு. தார்ப்பாய்க்குள் தூங்கிக்கொண்டிருந்த பிரீமியர் பத்மினியையும் பழைய மாருதி 800-ஐயும் வெளியே எடுத்து, ‘கொஞ்சம் பவர் ஏத்தித் தாங்க’ என்று மெக்கானிக் ஷெட்டில் விடுகிறார்கள். பெரிய கார்புரேட்டர், திறந்த ஏர் ஃபில்டர், உறுமும் சைலன்ஸர் என்று எல்லாம் மாட்டிக்கொண்டு கார் வெளியே வருகிறது. பத்தே நாளில் பின்னால் கறுப்புப் புகை, நின்றால் கண் எரிச்சல், மைலேஜ் பாதி. கேட்டால், ‘பவர் வேணும்னா பெட்ரோல் குடிக்கத்தான் செய்யும்’ என்று சமாதானம்.

அந்தச் சமாதானம் தவறு. கறுப்புப் புகை என்பது பவர் அல்ல. எரியாமல் வீணாகும் பெட்ரோல். இன்ஜின் ‘ரிச்’ ஆக ஓடுகிறது என்பதற்கான அடையாளம். இதைச் சரிசெய்ய எல்லோரும் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில். உண்மையில், அது கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம்.

ரேஸ் மண்ணின் பாடம்

கரையான்சாவடி சந்திப்பில் நின்று யோசித்தால், இந்த வித்தை நமக்குப் புதிதில்லை என்பது புரியும். வடக்கே ஆவடி, செங்குன்றம் தாண்டிப் போனால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடந்த ஊர். மேற்கே பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக் 1990 முதல் அங்கேதான் இருக்கிறது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர்.

அந்த டிராக்கில் ஓடிய ‘ஃபார்முலா மாருதி’ கார்களின் இதயம், நம் வீட்டு மாருதி 800-ல் இருந்த அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன் உருவாக்கிய கார்கள் அவை. 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவரான நரேன் கார்த்திகேயன், முதன்முதலில் போடியம் ஏறியதும் ஃபார்முலா மாருதியில்தான். எல்லோருக்கும் ஒரே இன்ஜின் என்றால், பெரிய இன்ஜினை மாட்டி முந்த முடியாது. இருக்கிற இன்ஜினைச் சரியாக டியூன் செய்தவருக்குத்தான் லாபம்.

‘ரிச்’ என்றால் என்ன?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால், அதிகபட்ச பவர் கிடைப்பது இதைவிடக் கொஞ்சம் ரிச்சான கலவையில். ஒரு கிலோவுக்கு 12.5 முதல் 13 கிலோ காற்று. அதனால்தான் டியூனர்கள் ஃபுல் த்ராட்டிலில் சற்றே ரிச்சாக வைப்பார்கள். ஆனால் காற்று 11, 10 என்று குறையக் குறைய, பவர் ஏறாது, இறங்கும். பிளக் கரி பிடித்து, இன்ஜின் திக்க ஆரம்பிக்கும்.

நஷ்டம் பர்ஸுக்கு மட்டுமல்ல. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் காய்ந்தபடி உரசித் தேயும். வழிந்த பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால், கோளாறைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. ரிச் இன்ஜின் கார்பன் மோனாக்சைடை அதிகம் கக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. மூடிய கார் ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டு டியூன் செய்யவே கூடாது. குழந்தைகள் பக்கத்தில் நிற்கவும் கூடாது.

முதலில், உண்மையிலேயே ரிச்சா?

புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் பெட்ரோல், நீலம் என்றால் ஆயில். பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்த, மெத்தென்ற கரி இருந்தால் ரிச். பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஆயில். வெளிர் பழுப்பு என்றால் சுகம்.

அடுத்தது எளிய சோதனை. காலையில் குளிர்ந்த இன்ஜின் நன்றாக ஓடி, சூடானதும் முரண்டு பிடித்தால் பெரும்பாலும் ரிச். குளிரில் திக்கி, சூடானபின் சரியானால் பெரும்பாலும் ‘லீன்’. அதாவது பெட்ரோல் குறைவு.

கையில் மீட்டர் இல்லையே என்று கவலை வேண்டாம். புகைச் சான்று தரும் மையத்தில் ஐடிலிங்கில் எடுக்கும் அளவே நல்ல ஸ்கேன் ரிப்போர்ட். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். அதைத் தாண்டினால் ரிச் என்பது உறுதி. ஆனால் கார்பன் மோனாக்சைடு குறைவாகவும் ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியும் இருந்தால், அது ரிச் அல்ல. பிளக் சரியாகப் பற்றவில்லை. பெட்ரோல் வாடை வந்தாலும் கோளாறு இக்னிஷனில். இந்த வித்தியாசம் தெரியாமல் ஜெட்டை மாற்றினால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்த கதைதான்.

கார்புரேட்டருக்கு வெளியே...

* ஏர் ஃபில்டர்: மெட்ரோ வேலையும் லாரிகளும் கிளப்பும் புழுதியில் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தி வைத்து, ஃபில்டரைக் கழற்றிவிட்டு ரேஸ் செய்து பாருங்கள். புகை குறைந்தால் குற்றவாளி அகப்பட்டான்.

* சோக்: டேஷ்போர்டில் குமிழ் உள்ளே போயிருக்கும், ஆனால் கேபிள் இறுகி, கார்புரேட்டரில் சோக் தகடு பாதி மூடியே இருக்கும். கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

* இக்னிஷன்: பாயின்ட் இடைவெளி, டைமிங், பிளக் வயர். தீப்பொறி பலவீனமாக இருந்தால், சரியான கலவைகூட அரைகுறையாகத்தான் எரியும்.

* தெர்மோஸ்டாட்: ‘சூடாகுது’ என்று யாரோ அதைக் கழற்றி எறிந்திருந்தால், இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. பெட்ரோல் சரியாக ஆவியாகாது.

* பெட்ரோல் பம்ப்: கார்புரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தமே போதும். இன்ஜெக்‌ஷன் காரின் மின் பம்ப் அதைப்போல பத்து மடங்குக்கு மேல் தள்ளும். ரெகுலேட்டர் இல்லாமல் அதை மாட்டினால் பெட்ரோல் வழியும். தீ விபத்துக்கும் அதுவே வழி.

இனி, உள்ளே!

இவை அனைத்தும் சரி என்றால் மட்டுமே கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். முதலில் ஃப்ளோட். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து போலத்தான் இதுவும். பெட்ரோல் மட்டம் ஏறியதும் நீடில் வால்வை மூட வேண்டும். நீடில் தேய்ந்தாலோ, பித்தளை ஃப்ளோட்டில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்தாலோ மட்டம் ஏறும். எல்லா வேகத்திலும் ரிச்சாகும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கினால் ‘சளக்’ என்று சத்தம் கேட்கும்.

அடுத்தது ஐடில் மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூ. இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்ஜின் ஓடும்போதே மெதுவாக உள்ளே திருகுங்கள். பெரும்பாலான கார்புரேட்டர்களில், முழுதாக மூடினால் இன்ஜின் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால், பெட்ரோல் வேறு வழியில் நுழைகிறது. ஃப்ளோட் மட்டத்தையும் த்ராட்டில் தகடு சரியாக மூடுகிறதா என்பதையும் மறுபடி பாருங்கள். அந்த நிலையில் ஸ்க்ரூவை எத்தனை முறை திருகினாலும் பலன் இருக்காது.

பெட்ரோல் ஜெட்டை எல்லோரும் சுத்தம் செய்வார்கள். காற்று ஜெட்டை மறந்துவிடுவார்கள். இந்தச் சின்னத் துளையில் தூசு அடைத்தால் காற்று குறையும். கலவை தானாகவே ரிச்சாகும். கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யும் பழக்கம் இன்னும் ஆபத்து. சோலெக்ஸ், வெபர் கார்புரேட்டர்களில் 100 என்ற எண் போட்ட மெயின் ஜெட்டின் துளை 1 மில்லிமீட்டர்தான். அது 1.1 ஆகப் பெருத்தால், பெட்ரோல் பாயும் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். எனவே கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் மட்டுமே போதும்.

ஜெட் மாற்றும் கலை

கடைசியாகத்தான் ஜெட். ‘எந்த ஜெட்?’ என்ற கேள்விக்கு, ‘எப்போது ரிச்?’ என்பதில் பதில் இருக்கிறது. நிற்கும்போது மட்டும் என்றால் ஐடில் ஜெட். நெடுஞ்சாலை வேகத்தில் என்றால் மெயின் ஜெட். ஆக்ஸிலரேட்டரை மிதித்த நொடியில் மட்டும் புகை குபுக்கென்று வந்தால் ஆக்ஸிலரேட்டர் பம்ப்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் ஒரே ஒரு படி. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் ஜெட், டைமிங், பிளக் மூன்றையும் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடவுளுக்கே தெரியாது. ஃபுல் த்ராட்டில் சோதனை டைனோவிலோ டிராக்கிலோதான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அல்ல. புகை போய்விட்டதே என்ற உற்சாகத்தில் இன்னும் இரண்டு படி குறைக்காதீர்கள். ரிச் இன்ஜின் மெதுவாகத்தான் கெடும். லீனாக ஃபுல் த்ராட்டிலில் ஓடும் இன்ஜினிலோ, சில நிமிடங்களில் பிஸ்டனே உருகலாம்.

ஊரும் பெட்ரோலும் கணக்கில் உண்டு

சென்னையில் கச்சிதமாக டியூன் செய்த கார், 2,240 மீட்டர் உயர ஊட்டியில் புகை கக்கும். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கலவை சுமார் 10 சதவீதம் ரிச்சாகிவிடும். அது கோளாறு அல்ல, இயற்கை. மலையிறங்கினால் சரியாகிவிடும்.

இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இதற்கு நேர் எதிர். அதற்கு 14.7 கிலோ காற்று தேவையில்லை, சுமார் 13.5 போதும். அதனால் பழைய ஜெட்டிலேயே கலவை கொஞ்சம் லீனாகும். அப்படியும் உங்கள் கார் கறுப்பாகப் புகைகிறதா? நிச்சயம் ஏதோ ஒரு பாகம் கெட்டிருக்கிறது. பழைய ரப்பர் பாகங்களை எத்தனால் உப்ப வைக்கவும் செய்யும் என்பதால், ரப்பர் முனை வைத்த நீடில் வால்வையும் டயஃப்ரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை ஷெட்டுக்குப் போகும்போது, ‘கார்புரேட்டர் மாத்தணுமாண்ணே?’ என்று கேட்காதீர்கள். ‘சூடானதும்தான் திக்குது, ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு இவ்வளவு, ஃபில்டர் புதுசு, சோக் முழுசா திறக்குது’ என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மெக்கானிக்குக்கு பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். உங்களுக்குப் பாதி செலவு மிச்சம்!