வழக்கை அனுப்பி வைத்தாலும் வக்கீலுக்குப் பங்கு!

அமெரிக்காவில் ஓஹையோ என்று ஒரு மாநிலம். அங்கே மான்ட்வில் என்று ஓர் ஊர். 1974-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஒரு வக்கீல் தம் கடிதங்களை வாங்கத் தபால் ஆபீசுக்குப் போனார். அவர் பெயர் ஓஹ்ராலிக்.

போஸ்ட் மாஸ்டரின் சகோதரர் அங்கே இருந்தார். பேச்சுவாக்கில் அவர் ஒரு செய்தி சொன்னார். வக்கீலுக்கு ஓரளவு தெரிந்த ஒரு பெண், கார் விபத்தில் அடிபட்டுவிட்டாள் என்பதுதான் அந்தச் செய்தி.

வக்கீல் சும்மா இருப்பாரா? பெண்ணின் பெற்றோருக்கு டெலிபோன் செய்தார். நேரிலும் போய்ப் பார்த்தார். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி!

பெண்ணுக்கு வயது 18. எலும்பு கூடுவதற்காக எடை கட்டி, அசைய முடியாமல் படுக்க வைத்திருந்தார்கள். அந்தக் கட்டில் அருகே நின்று, வழக்கைத் தம்மிடம் கொடுக்கும்படி கேட்டார் வக்கீல். பெற்றோரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள் பெண். இரண்டு நாள் கழித்து வக்கீல் மறுபடியும் வந்தார். கிடைக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வக்கீலுக்கு என்று அவள் கையெழுத்துப் போட்டாள்.

அதே காரில் வந்த இன்னொரு பெண்ணுக்கும் அடி. அவளுக்கும் வயது 18 தான். அவள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியதும், அழைக்காமலே போய் நின்றார் வக்கீல். பேச்சைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை மறைத்து வைத்திருந்தார். அவர் சொன்னதற்கெல்லாம் பெண் "சரி" என்றாள். அது கருவியில் பதிவாகிவிட்டது!

மறுநாள் அவளுடைய தாயார், வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வக்கீல் விடவில்லை. "சரி" என்று சொன்னதே ஒப்பந்தம் என்று பிடிவாதம் பிடித்தார். முதல் பெண்ணும் அவரை விலக்கிவிட்டு வேறு வக்கீலை வைத்துக்கொண்டாள். அவள் மீது ஓஹ்ராலிக் வழக்கே போட்டார். கடைசியில் தனக்குக் கிடைத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்துத்தான் அவள் தப்பினாள்.

இரண்டு பெண்களும் வக்கீல் சங்கத்தில் புகார் செய்தார்கள். காலவரையின்றி அவர் தொழில் செய்யத் தடை போட்டது ஓஹையோ சுப்ரீம் கோர்ட்டு. அவர் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1978-ல் அங்கேயும் தோல்வி. படுக்கையில் கிடப்பவரிடம் நேரில் போய் வழக்குக் கேட்பதை மாநிலங்கள் தடுக்கலாம் என்று தீர்ப்பாயிற்று.

இப்படி வழக்குத் தேடி அலைகிற வக்கீல்களை, "ஆம்புலன்ஸ் வண்டியைத் துரத்துகிறவர்கள்" என்று அமெரிக்கர்கள் கேலி செய்வார்கள்.

தோற்றால் பீஸ் இல்லை

மூன்றில் ஒரு பங்கு கேட்டது தவறா? இல்லை! அமெரிக்காவில் அது சகஜம். விபத்து வழக்கில் முன்பணம் வாங்குவதில்லை. ஜெயித்தால் பங்கு, தோற்றால் வக்கீலுக்கு ஒன்றும் இல்லை. கையில் காசு இல்லாத கூலித் தொழிலாளி கூட பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு மோத முடிகிறது என்றால், இந்த ஏற்பாடுதான் காரணம். ஆனால், பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் எழுதி, கட்சிக்காரர் கையெழுத்துப் போட வேண்டும்.

(நம் நாட்டில் இப்படிப் பேச முடியாது. வெற்றியைப் பொறுத்துப் பீஸ் என்பதையும், கிடைக்கும் தொகையில் பங்கு என்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன.)

பத்திரம் எழுதுகிறவர் என்ன செய்வார்?

ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு வக்கீல். உயில் எழுதுவார், வீட்டுப் பத்திரம் பார்ப்பார். அவரிடம் ஒரு தாய் வருகிறாள். மகனுக்கு லாரி மோதி முதுகெலும்பு முறிந்துவிட்டது.

இது லேசான வழக்கு அல்ல. போலீஸ் அறிக்கை வாங்க வேண்டும். சாட்சிகள் மறப்பதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். லாரியின் பதிவேடுகள் அழியாமல் காக்க வேண்டும். பையன் இனி எத்தனை ஆண்டு வைத்தியம் செய்ய வேண்டும், எவ்வளவு சம்பாத்தியம் போயிற்று என்று சொல்ல டாக்டர்களும் கணக்கு நிபுணர்களும் வேண்டும். இந்தச் செலவை எல்லாம் முதலில் வக்கீல்தான் போடுவார்.

அவரால் முடியாது. ஆனால், வந்த வழக்கை விட மனம் வருமா? தானே வைத்துக்கொண்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுப்பதை வாங்கி ராஜி செய்துவிட்டால் நஷ்டம் யாருக்கு? பையனுக்கு!

இதற்குத்தான் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கைதேர்ந்த விபத்து வக்கீலிடம் வழக்கை அனுப்பலாம். அனுப்பியவருக்கும் பீசில் பங்கு உண்டு. சில வக்கீல்களுக்கு இதுவே நல்ல வருமானம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நஷ்டஈடு 1 லட்சம் டாலர். செலவு 10 ஆயிரம். மீதி 90 ஆயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு, 30 ஆயிரம் டாலர் பீஸ். பையனுக்கு 60 ஆயிரம். அனுப்பிய வக்கீலுக்கு பீசில் மூன்றில் ஒரு பங்கு என்று பேசியிருந்தால், 10 ஆயிரம் அவருக்கு. இது பையனுடைய 60 ஆயிரத்தில் இருந்து போகவில்லை. வக்கீல்களின் 30 ஆயிரத்துக்குள்ளேயே பிரிகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். செலவைக் கழிப்பதற்கு முன்பே பங்கு எடுத்தால், பீஸ் 33 ஆயிரத்துக்கு மேல் போய்விடும். பையனுக்கு 57 ஆயிரம் கூடத் தேறாது. கழிப்பது முன்பா, பின்பா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கட்டுப்பாடு என்ன?

அமெரிக்க வக்கீல் சங்கத்தின் மாதிரி விதி இதுதான்: அனுப்புகிறவர் தாம் செய்த வேலைக்குத் தக்கபடி பங்கு வாங்கலாம். இல்லாவிட்டால் இரண்டு வக்கீல்களும் வழக்குக்குச் சேர்ந்து பொறுப்பு ஏற்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று கட்சிக்காரருக்குத் தெரிய வேண்டும். அவர் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும்.

மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். கலிபோர்னியாவில், கட்சிக்காரர் எழுதிச் சம்மதித்தால் அனுப்பியதற்காக மட்டுமே பங்கு வாங்கலாம். அதற்காகப் பீசை உயர்த்தக் கூடாது. கொலராடோவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை! வக்கீல் அல்லாத தரகருக்குப் பங்கு கொடுப்பதை அநேகமாக எல்லா மாநிலங்களும் தடுக்கின்றன. ஆஸ்பத்திரிச் சிப்பந்தி ஆள் பிடித்துக் கொடுத்துக் காசு வாங்கினால் அது குற்றமாகவே ஆகலாம்.

நம் பார்வையில் கொலராடோ கொஞ்சம் கண்டிப்பு அதிகம். பங்கு கிடைக்கும் என்றால்தானே, தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் விட மனம் வருகிறது!

பெரிய விபத்து வக்கீல்கள், அனுப்பியவரை மறப்பதில்லை. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கடிதம் போடுவார்கள். கட்சிக்காரரின் மற்ற வேலைகளைத் தட்டிப் பறிக்க மாட்டார்கள். உயில் எழுத வேண்டும் என்றால் பழைய வக்கீலிடமே திருப்பி அனுப்புவார்கள். அதனால் அடுத்த வழக்கும் அவர்களைத் தேடி வரும்.

அனுப்புவதையும் சீக்கிரம் அனுப்ப வேண்டும். காயத்துக்காக வழக்குப் போட டென்னசி மாநிலத்தில் பொதுவாக ஓராண்டுதான் கெடு. கலிபோர்னியாவில் இரண்டாண்டு. மெய்ன் மாநிலத்தில் ஆறாண்டு. டென்னசி வக்கீல் ஒருவர், யாருக்கு அனுப்பலாம், பங்கு எவ்வளவு கேட்கலாம் என்று யோசித்தபடி கேஸ் கட்டை மேஜைக்குள்ளேயே போட்டு வைத்தால், ஓராண்டு முடிந்த மறுநாள் அந்தக் கட்டு வெறும் காகிதம். பையனுக்கு ஒரு டாலர் கூடக் கிடைக்காது. பிறகு அந்தத் தாய், லாரிக்காரர் மீது அல்ல, வக்கீல் மீதுதான் வழக்குப் போட வேண்டியிருக்கும்.